பாடும் சுவர்களைத் தேடி வங்காளத்துக்கு

சென்னையில் நாங்கள் சில பேர் சேர்ந்து சின்னச் சின்ன ஒலி நாடகங்கள் செய்துவருகிறோம். எங்கள் பகுதியில் ஒரு நீண்ட சுற்றுச்சுவர் இருக்கிறது. அதில் தெருக்காரர்களோடு சேர்ந்து ஓவியம் வரையலாம், அவர்கள் குரலிலேயே ஒரு நாடகத்தைப் பதிவு செய்து அந்தச் சுவரடியில் ஒலிக்கவிடலாம் என்று இந்த ஆண்டு முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன், படத்தைக் காட்டிக் கதை பாடுவதைப் பரம்பரைத் தொழிலாகச் செய்கிறவர்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதுதான் வங்காளப் பயணம். கூட வந்தவள் என் தோழி, ஒலிப்பதிவு அவள் பொறுப்பு. பொங்கலுக்கு வீட்டில் இல்லாதது அம்மாவுக்கு வருத்தம்தான். அன்றன்று இரவு எழுதியதைக் கொஞ்சம் சீராக்கிப் போடுகிறேன்.

ஜனவரி 9, வெள்ளி – கொல்கத்தா

கடைசி நூறு கிலோமீட்டர் முழுக்கப் பனிமூட்டம். ரயில் ஊர்ந்து ஊர்ந்து, மதியம் வரவேண்டியது பொழுது சாயும்போதுதான் வந்து சேர்ந்தது. பவானிபூரில் அறை. பசி உயிர் போனது. தெருமுனைக் கடையில் கசோரியும் தேங்காய்ச் சில்லு போட்ட கடலைப்பருப்பும், நாலு கசோரி நாற்பது ரூபாய். பருப்பில் லேசான இனிப்பு. பக்கத்தில் நின்று சாப்பிட்ட பெரியவர் எங்கள் தட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கடைக்காரரிடம் சொல்லி இன்னொரு கரண்டி பருப்பு ஊற்ற வைத்தார். அப்புறம் வெல்ல ரசகுல்லா. ஜனவரியில் வந்தால் பேரீச்ச மரத்துப் புது வெல்லத்தில் செய்ததைச் சாப்பிடாமல் திரும்பக்கூடாது என்பது அவர் உத்தரவு.

அறைக்குத் திரும்பும் வழியில்தான் எதிர்பாராத விஷயம். ஒரு குறுகலான தெருவை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். அந்தப் பேட்டை மன்றத்தின் குளிர்கால விழா. மேடையில் இரண்டு நாற்காலி, இரண்டு மைக், கையில் தாளோடு ஒரு ஆண், ஒரு பெண். வேஷம் இல்லை, நடமாட்டம் இல்லை. குரலால் மட்டும் நாடகம். இதை ஸ்ருதி நாடகம் என்கிறார்கள். இங்கே அதற்கென்றே ரசிகர்கள் உண்டு. ஜகன்னாத் பாசு, ஊர்மிமாலா பாசு தம்பதி இதில் பெரிய பெயர். மேடையில் இருந்தவர்கள் அந்தப் பேட்டைக்காரர்களே. கதை எங்களுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தியபோது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. குரங்குக் குல்லாய் போட்ட தாத்தாக்கள் நாற்காலியில், பெண்கள் மாடி வராந்தாவில், மீன் வாங்கிக்கொண்டு போனவர் பையோடு நின்றபடி. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டார்கள்.

இந்த ஊருக்குக் குரல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு விடுதிக்காரர் ஒன்று சொன்னார். எனக்கும் முன்பே படித்த ஞாபகம். மகாளய அமாவாசை விடியற்காலை 4 மணிக்குக் கொல்கத்தா வானொலியில் துர்க்கையின் கதையை ஒலிபரப்புவது 1930-களிலிருந்து வழக்கம். சொல்பவர் வீரேந்திர கிருஷ்ண பத்ரர். 1976-இல் அவருக்குப் பதிலாக நடிகர் உத்தம் குமாரைப் பேச வைத்தார்கள். வங்காளத்தின் உச்ச நட்சத்திரம் அவர். ஜனங்கள் ஏற்கவில்லை. பெரிய கொந்தளிப்பு. பழைய குரலே திரும்பி வந்தது. பத்ரர் 1991-இல் காலமாகிவிட்டார், இன்றும் அந்தக் காலையில் ஒலிப்பது அவர் குரல்தான்.

ஜனவரி 10, சனி – சாந்திநிகேதன்

காலை ரயிலில் போல்பூர். பெட்டிக்குள்ளேயே ஒருவர் ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தோடு ஏறிப் பாடிவிட்டுப் போனார். பத்து ரூபாய் கொடுத்தோம், தலையில் தொட்டு வாங்கிக்கொண்டார். மண்குவளையில் டீ பத்து ரூபாய். ஊர் செம்மண். பகலில் நல்ல வெயில், நிழலில் நின்றால் குளிர்.

இங்குள்ள விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்தின் இந்தி பவனத்தில் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியின் சுவரோவியம். 1946-47-இல் வரைந்தது. மூன்று சுவர்களின் மேற்பகுதியில் இந்திய பக்தி இயக்கத்து ஞானிகளின் வாழ்க்கை ஓடுகிறது. ராமானுஜர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த சிங். ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணம் ஏற்றும் முறை. முழு அளவு மாதிரிப்படம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் நேராகச் சுவரிலேயே வரைந்திருக்கிறார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, இன்னொன்றும் மங்கல். பத்து வருடம் கழித்து அதுவும் போய்விட்டது. பார்வை போன பிறகும் காகிதம் வெட்டி ஒட்டியும் ஓடுகளிலும் கலை செய்துகொண்டே இருந்தார். இவ்வளவு பெரிய சுவரை அந்தக் கண்ணோடு எப்படி மனதில் பிடித்து வைத்திருந்தார் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். நூற்றுக்கணக்கான முகங்கள். ஒரு மூலையில் நம்ம ஊர்க் கோபுரம். கண் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. அங்கே இருந்த காவலாளி எங்களைப் பார்த்து, எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார். சென்னை என்றதும், "அப்போ இது உங்க ஊர் சாமியாராமே, அவர் என்ன செய்தார்?" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் திருக்கோஷ்டியூர்க் கதையைச் சொன்னேன். குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை, தான் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை, எல்லோரும் கரையேறட்டும் என்று ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே கேட்கும்படி சொன்ன கதை. காவலாளி கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். கீழே கூடி நிற்கும் மனிதர்களைப் பார்த்தார். சுவரில் இருப்பது அந்தக் காட்சிதான் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்துக் குடும்பத்தோடு வந்த ஒருவருக்கு அவரே வங்காளியில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், விரலை நீட்டி. அந்தக் குடும்பத்துச் சிறுமி கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இத்தனைக்கும் வந்தவர்களில் பலர் ஒரே சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே கலைப் பிரிவான கலா பவனத்தில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனின் கறுப்பு வெள்ளைச் சுவர்களையும் பார்த்தோம். கேரளத்தில் பிறந்த தமிழர். மாணவராக இருந்தபோது முகர்ஜியின் சுவரில் உதவியவர். 1990-களில் வரைந்த இந்தக் கட்டடத்தை எண்பத்தைந்து வயதை ஒட்டிய காலத்தில் மறுபடி சாரம் ஏறித் தானே புதிதாக வரைந்திருக்கிறார். சுவர் ஓவியம் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடும் வேலை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சாயங்காலம் சோனாஜுரி மரத்தடிச் சந்தை. கூட்டமோ கூட்டம். ராத்திரி உருளைக்கிழங்கு கசகசாப் பொரியல், சாதம், பருப்பு, நூற்றைம்பது ரூபாய். கசகசாவை இவ்வளவு தாராளமாகப் போடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு – காளிகாட்

கொல்கத்தாவுக்குத் திரும்பி, மாலையில் காளிகாட் பக்கம் ஒரு நடை. 19-ஆம் நூற்றாண்டில் மேதினிப்பூர் போன்ற மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பட்டுவாக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். படச்சுருளை விரித்துப் பாடுகிற ஜாதியினர். இங்குள்ள காளி கோயிலுக்கு வரும் யாத்ரீகர்கள் அவசரக்காரர்கள். நீண்ட சுருளும் பாட்டும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை, வீட்டுக்கு எடுத்துப்போக ஒற்றைத் தாள் படம் போதும். அப்படித்தான் காளிகாட் படங்கள் பிறந்தன. இன்று உலக அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. அழகில் குறையே இல்லை. ஆனால் பாட்டு அந்தச் சந்தையில்தான் கழன்று விழுந்தது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

ஜனவரி 12, திங்கள் – நயா

ஹவுராவிலிருந்து கரக்பூர் வழித்தடத்தில் பாலிசக் வரை லோக்கல் ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து டோட்டோ, அதாவது பேட்டரி ரிக்‌ஷா. பாதி வழியில் பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் தம்பிக்கு ஒரே சங்கடம். காசே வேண்டாம் என்று மறுத்தார், வற்புறுத்திப் பாதியைக் கையில் திணித்தோம். மீதித் தூரம் ஒலிப்பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு நடை. இரு பக்கமும் கடுகுப் பூ மஞ்சள், உருளைக்கிழங்கு வயல், பாய்க் கோரை, பேரீச்ச மரங்களில் சாறு இறக்கக் கட்டிய மண்பானைகள். சைக்கிளில் வந்த ஒருவர் கேட்காமலே பெரிய பையை வாங்கித் தன் கேரியரில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

பிங்ளா வட்டாரத்தில் நயா ஒரு சின்ன ஊர். பட்டுவாக் குடும்பங்கள் எல்லோருக்கும் சித்ரகர் என்றே பெயர் முடிகிறது. மதத்தால் முஸ்லிம்கள். பாடுவது பாம்புத் தெய்வம் மனசா வரும் பெஹுலா லக்கிந்தர் கதை, ராமாயணம், கிருஷ்ண லீலை, இரு மதத்தாரும் வணங்கும் சத்யபீர் கதை. இதில் அவர்களுக்கு எந்த முரணும் இல்லை, கேட்கிறவர்களுக்கும் இல்லை. முன்பு ஆண்கள்தான் சுருளைத் தோளில் போட்டு ஊர் ஊராகப் போய்ப் பாடி அரிசி வாங்கி வருவார்கள். இப்போது பெண்கள் வரைகிறார்கள், பாடுகிறார்கள், வெளிநாட்டுக்கும் போய் வருகிறார்கள். 2010-இலிருந்து நவம்பரில் பட்மாயா என்று திருவிழா நடக்கிறது. வங்காளப் படச்சித்திரத்துக்குப் புவிசார் குறியீடும் 2018-இல் கிடைத்துவிட்டது. நாங்கள் போனது திருவிழா இல்லாத நாளில். அது நல்லதாகப் போயிற்று.

ஊருக்குள் நுழைந்தால் வீட்டுச் சுவர்கள் எல்லாம் படம். மீன், மயில், புலி, மரம், பாம்பை ஏந்திய மனசா தேவி. நாங்கள் தங்கிய வீட்டு தீதி, அதாவது அக்கா, தரையில் உட்கார்ந்து வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சிரட்டை ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். சங்குப்பூவிலிருந்து நீலம், மஞ்சளிலிருந்து மஞ்சள், அவரை இலையிலிருந்து பச்சை, விளக்குக் கரியிலிருந்து கறுப்பு. எல்லாவற்றுக்கும் வில்வப்பழப் பிசின். பழத்தை உடைத்து, விதையைச் சுற்றியுள்ள வழவழப்பை விரலால் வழித்துச் சிரட்டையில் தேய்த்தார். சுவருக்கு மட்டும் கடைப் பெயின்ட். இலைச்சாறு மழைக்கு நிற்காது என்றார்.

மதியம் கடுகு அரைத்த மீன்குழம்பு. அப்புறம் ஒரு சுருளை எடுத்து வந்தார். கட்டம் கட்டமாகப் படம், கிழியாமல் இருக்கப் பின்னால் பழைய சேலைத்துணி ஒட்டியிருந்தது. இடது கையால் மேலே சுருட்டி, வலது கை ஆள்காட்டி விரலைப் படத்தில் வைத்தபடி பாடினார். பாட்டு எங்கே இருக்கிறதோ விரல் அங்கே. விரல் நகர்ந்தால் நம் கண்ணும் நகரும். அடுத்த கட்டம் இன்னும் சுருளுக்குள் மறைந்திருக்கிறது, அதனால் மனம் முன்னால் ஓட முடியாது. கடைசிக் கட்டம் முடிந்ததும் அதே மெட்டில் தன் பெயரையும் ஊரையும் பாடி முடித்தார். அது அவர்கள் வழக்கம். கையெழுத்தும் பாட்டில்தான்.

"சென்னையா? அப்போ இதைக் கேளுங்க" என்று இன்னொன்றை விரித்தார். 2004 சுனாமி. உச்சியில் வாய் பிளந்த பெரிய முகம், அதன் கீழே அலைகளுக்குள் மனிதர்கள், மாடுகள், படகுகள், வீடுகள். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். தோழியின் அத்தை வீடு சென்னைக் கடலோரப் பட்டினப்பாக்கத்தில். அவள் கருவியை அணைத்துவிட்டு அழுதாள். தீதி பாட்டை நிறுத்தவில்லை, குரலை மட்டும் தணித்துக்கொண்டார். முடிந்ததும் உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். கடலையே பார்க்காத ஊரில், நம் கடற்கரையின் துக்கத்தை இருபது வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

படுக்கும்போது சென்னையின் கண்ணகி நகர் ஞாபகம் வந்தது. நகருக்குள்ளிருந்து பெயர்த்து வரப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் வாழும் இடம். 2020-இல் தொடங்கி அந்த அடுக்குமாடிச் சுவர்களில் வந்த ஓவியங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அவற்றால் அந்த இடத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதுவே பெரிய காரியம். ஆனால் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் காதில், அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பவர் குரல் ஒன்றாவது விழ வேண்டாமா?

ஜனவரி 13, செவ்வாய் – நயா

தீதி வீட்டு எதிர்ச்சுவரில் மீன் கல்யாணம் வரைந்திருக்கிறார்கள். இந்த ஊரின் செல்லக் கதை. சின்ன மீனுக்குக் கல்யாணம், மீன்கள் எல்லாம் ஊர்வலமாகப் போகின்றன, பெரிய வாளை மீனை மட்டும் யாரும் அழைக்கவில்லை. அது கோபத்தோடு வாயைத் திறந்துகொண்டு வருகிறது. இந்தச் சுவருக்கு ஒரு ஒலி நாடகம் செய்து பார்க்கலாமா என்று கேட்டோம். தெருப்பிள்ளைகள் தயார். யார் வாளை என்பதில்தான் சண்டை. கடைசியில் தொண்டை கட்டியிருந்த ஒரு பையனுக்கு அது போயிற்று. பொருத்தமான குரல்.

முதல் பதிவு, தீதியின் பாட்டு அப்படியே. சுவரடியில் சின்ன ஒலிபெருக்கியை வைத்து ஓடவிட்டோம். வேலைக்கு ஆகவில்லை. ஒரு பாட்டி வலது பக்கமிருந்து வந்தார், பாட்டு இடது கோடி மீனைப் பாடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று. சுருளில் நேரம் பாடுகிறவர் கையில் இருக்கிறது. சுவரோ மொத்தமாகத் திறந்து கிடக்கிறது, எந்தப் பக்கமிருந்தும் யாரும் எப்போதும் வரலாம். விரலும் இல்லை.

தீதிதான் வழி சொன்னார். விரல் இல்லை என்றால் விரலைப் பாட்டுக்குள் வை என்றார். மறுபடி உட்கார்ந்தோம். ஒவ்வொரு மீனும் தனித்தனியாகப் பேசும், முக்கால் நிமிடத்துக்கு மேல் இல்லை. எங்கிருந்து கேட்டாலும் தொடக்கம் மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் கண்ணை எங்காவது அனுப்ப வேண்டும். "என் வாலுக்குக் கீழே பார், மேளம் தூக்கிக்கொண்டு வருகிறானே, அவன் என் தம்பி." இன்னொன்று, படத்தில் ஏற்கனவே இருப்பதைச் சொல்லக்கூடாது. சிவப்பு மீன், சிவப்புச் சேலை என்று சொல்வது வீண், அதைக் கண்ணே பார்த்துக்கொள்ளும். படத்தில் இல்லாததைச் சொல்ல வேண்டும். வாளையை ஏன் அழைக்கவில்லை என்று சுவரில் எங்கும் இல்லை. அதைக் கேட்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு காரணம் சொன்னது. போன கல்யாணத்தில் அது இரண்டு பேரை முழுங்கிவிட்டது என்றாள் ஒருத்தி. அழைப்பு கொண்டுபோன நண்டு பக்கவாட்டில் நடந்து வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்றான் இன்னொருவன். எல்லாவற்றையும் பதிவு செய்தோம்.

மதியத்துக்கு மேல் வேலை நின்றது. கால்வாய்க்கரையில் பிக்னிக் வந்தவர்கள் ஆளுயர ஒலிப்பெட்டிகளை வைத்து அலறவிட்டார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தீதி வீட்டு வெள்ளாடு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டது. மாலை ஆறு மணி வரை ஒரு வரிகூடப் பதிய முடியவில்லை. பொது இடத்தில் ஒலி என்றால் பலருக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும், வயிற்றில் பயம் வரும். அந்தப் பயம் நியாயமானது. அரிசிப்பொரியும் வெங்காய பஜ்ஜியும் தின்றுகொண்டு காத்திருந்தோம். ஒரு தட்டு இருபது ரூபாய்.

ஜனவரி 14, புதன் – நயா

பௌஷ் சங்கராந்தி. நம் பொங்கலுக்கு முந்தின நாள் இவர்களுக்குப் பீட்டா என்ற அரிசிமாவுப் பலகாரம். வைகறையில் எழுந்து இறக்கிய பேரீச்சஞ்சாறு, பல் கூசும் குளிர்ச்சி. அரிசி மாவில் மெல்லிய தோசை மாதிரி ஊற்றி, உள்ளே தேங்காயும் வெல்லமும் வைத்துச் சுருட்டித் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு தட்டு வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு தீதியிடம் கொடுத்தேன். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஐந்து நிமிடம் பேசினார்கள்.

பத்து மணிக்குச் சுவர் தயார். இந்தமுறை ஒலிபெருக்கியைத் தரையில் வைக்கவில்லை, உட்கார்ந்த குழந்தையின் காது உயரத்தில் ஜன்னல் விளிம்பில் வைத்தோம். ஒலியை வேண்டுமென்றே தணித்தே வைத்தாள் தோழி. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறைந்துவிடும். சுவரிலிருந்து மூன்று அடியில் தெளிவாகக் கேட்பது, எதிர் வீட்டுத் திண்ணைக்குப் போவதற்குள் வெறும் முணுமுணுப்பு. கேட்க வேண்டும் என்றால் கிட்ட வர வேண்டும். வேண்டாதவர் திண்ணையில் நிம்மதியாக இருக்கலாம்.

விறகு சுமந்து வந்த ஒரு பெண் நின்றார். தலைச்சுமையோடு நண்டுக் கதையைக் கேட்டார். "இது நம்ம பையன் குரல் இல்ல?" என்றார். சுமையை இறக்கி வைத்தார். அவ்வளவுதான், ஆட்களைக் கூப்பிடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு முன்னால் பதினைந்து இருபது பேர். தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறவர்கள், "இந்த இறால் இங்கேயா இருந்தது?" என்று குனிந்து பார்த்தார்கள். நேற்று குழம்பிப் போன பாட்டி, தான் சின்ன வயதில் கேட்ட முடிவு வேறு என்று ஆரம்பித்தார். அவர் முடிவையும் பதிவு செய்து கடைசியில் சேர்த்தோம். ஒவ்வொரு குரலும் முடியும்போது பட்டுவா வழக்கப்படி தன் பெயரையும் வீட்டையும் சொல்கிறது. வாளையாக நடித்த பையன் மட்டும் தன் பெயரை இரண்டு முறை சொல்லியிருக்கிறான். வெட்டவில்லை.

காதில் மாட்டிக் கேட்கும் ஒலி நடைகளையும் நான் விரும்பிக் கேட்பவள்தான். கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1991 முதல் செய்துவரும் அந்த வகை தனிமையில் ஆழமாக வேலை செய்யும். ஆனால் அன்று அந்தச் சுவரடியில் நடந்தது காதுக்கருவியில் நடக்காது. பக்கத்தில் நிற்பவரும் அதையே கேட்கிறார் என்று தெரிவதால்தான் பாட்டி மறுத்துப் பேசினார், விறகுக்காரம்மா ஆள் கூப்பிட்டார்.

கிளம்பும்போது ஒரு சின்னச் சுருள் வாங்கினோம், மூவாயிரம் ரூபாய். பதிவின் நகலைத் தீதியின் மகள் போனில் போட்டுக் கொடுத்தோம். அது அவர்களுடையது. ஒலிபெருக்கியையும் அங்கேயே விட்டுவிட்டோம்.

ஜனவரி 15, வியாழன் – திரும்பும் ரயில்

மேல் படுக்கையில் உட்கார்ந்து எங்கள் சுவருக்கான திட்டத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ரயிலில் குளிர் குறைந்துகொண்டே வருகிறது, ஒடிசாவைத் தாண்டும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டோம்.

முன்பு போட்ட திட்டத்தில் இருபது நிமிட நாடகம், சுவரில் ஒட்டிய க்யூஆர் குறி, போனில் கேட்பது. குறி இருக்கட்டும், வெளியூர்க்காரர்களுக்கு உதவும். ஆனால் முதன்மையாகச் சுவரிலேயே அழுத்தும் பொத்தான், தணிந்த ஒலி, ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு நிமிடத்துக்குள். தானாக ஓடிக்கொண்டே இருக்கும் ஒலி வேண்டாம். எதிர் வீட்டில் கைக்குழந்தை இருக்கும், இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறவர் இருப்பார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. நாங்கள் மாலை எட்டு மணிக்கே நிறுத்திவிடுவோம். அந்தச் சுவரை ஒட்டி உட்கார ஒரு திண்ணையும் வேண்டும். நின்றுகொண்டே எவ்வளவு நேரம் கேட்பது?

திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் என்ற அரசன் கதை ஓவியமாக இருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது அண்ணாந்து உரக்கப் படித்திருக்கத்தான் வேண்டும். நமக்கு இது புதுசு இல்லை.

யார் பேசுவது என்பதில் தோழிக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. நல்ல குரல்வளம் உள்ள நடிகர்களை வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் பழைய எண்ணம். விஜயவாடா வருவதற்குள் அதை அவளே கைவிட்டுவிட்டாள். பூக்கட்டும் ஆயா, தண்ணீர் லாரி வரும் நேரத்தைத் தெருவுக்கே சொல்லும் அக்கா, இஸ்திரி வண்டிக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இவர்கள் குரல் கேட்டால்தான் தெரு நிற்கும். எல்லோரும் கடைசியில் பெயரும் வீட்டு இலக்கமும் சொல்ல விரும்பினால் சொல்லலாம், விரும்பாதவர் தெருப்பெயர் மட்டும்.

வேலையின் வரிசையையும் மாற்றுகிறோம். முதலில் ஓவியம், அது காய்ந்த பிறகு குரல் என்று வைத்திருந்தோம். நயாவில் பாடுகிறவரும் வரைகிறவரும் ஒருவரே, அதனால் பாட்டுக்குத் தேவையான இடம் படத்தில் முதலிலேயே இருக்கிறது. எங்களுக்கு ஆட்கள் வேறு வேறு. அதனால் பிப்ரவரி முழுக்கத் தெருவில் உட்கார்ந்து குரல்களைப் பதிவு செய்கிறோம். ஓவியர்கள் அவற்றைக் கேட்ட பிறகுதான் சுவருக்குச் சாரம் கட்டுவார்கள். அவர்களிடம் நேற்றிரவே போனில் சொல்லிவிட்டேன், சரி என்றார்கள்.